ஒரு தட்டுக்கு ஒரு தழை: கிரேக்கக் கோடைச் சமையல்

கிரேக்கச் சமையலைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: ஒரு தட்டுக்கு ஒரு தழை போதும். தக்காளிக்கு ஓரிகானோ, தயிருக்குச் சதகுப்பை, வெள்ளரி மாதிரி இருக்கும் சுக்கினிக்காய்க்குப் புதினா, பீன்ஸுக்கும் பயறுக்கும் பார்ஸ்லி. இந்த ஜோடிகளை மனதில் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும். ‘மெடிட்டரேனியன் மிக்ஸ்’ என்று ஏழெட்டு இலைகளைப் பொடித்துக் கலந்து பாட்டிலில் விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள். அதைப் போட்டால் சாலட், மீன், பீன்ஸ் எல்லாமே ஒரே மாதிரி மணக்கும். ரசத்துக்கு மல்லித்தழை, பிரியாணிக்குப் புதினா என்று நம் வீடுகளில் கை தானாகப் போகிறதல்லவா, இவர்கள் வீடுகளிலும் அப்படித்தான்.

நான் தூத்துக்குடிக்காரன். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தில், ஒரு கப்பல் நிறுவன அலுவலகத்தில் வேலை. குடியிருப்பது பக்கத்திலேயே கல்லிதேயாவில், மூன்றாம் மாடியில். ஏதென்ஸ் பகுதியில் ஜூலை, ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தொடுவது உண்டு. 2023 ஜூலையில் வெப்ப அலை வந்தபோது குன்றின் மேல் பழங்காலக் கோயில்கள் இருக்கும் அக்ரோபொலிசையே மத்தியான நேரத்தில் மூடி வைத்தார்கள். அந்த மாதிரி நாளில் அடுப்பு முன்னால் நிற்க யாருக்கும் மனம் வராது. அதனால் கோடைச் சாப்பாடு பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று, அடுப்பே வேண்டாதது. இன்னொன்று, வெயில் ஏறும் முன் காலையிலேயே சமைத்து, ஆறவைத்துச் சாப்பிடுவது. எண்ணெயில் நிதானமாக வேகவைக்கும் இந்தக் காய்கறிச் சமையலுக்கு லாதெரா என்று பெயர். ஆறின பிறகுதான் அதற்கு ருசி கூடும். சூடாக இருந்தால்தான் சாப்பாடு என்று பழகிய நமக்கு முதலில் கொஞ்சம் தயக்கமாக இருக்கும். ஒரு கோடை முழுக்கச் சாப்பிட்டுப் பார்த்தால் அந்தத் தயக்கம் போய்விடும்.

தகரத்தில் வளரும் தோட்டம்

கிரேக்கத் தீவுகளின் படங்களில் பழைய ஆலிவ் எண்ணெய்த் தகரங்களுக்கு வெள்ளையடித்து அதில் செடி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக மட்டும் செய்வதில்லை. தகரம் சும்மா கிடைக்கிறது, வெள்ளைப் பூச்சு சூட்டைத் திருப்பி அனுப்புகிறது. என் பால்கனியிலும் அதேதான்: 5 லிட்டர் எண்ணெய்த் தகரங்கள். மேல் மூடியை வெட்டி எடுத்து, விளிம்பைக் குறடால் உள்பக்கம் மடக்கிவிடுங்கள், இல்லையென்றால் கையைக் கிழிக்கும். அடியில் ஆணியால் ஏழெட்டு ஓட்டை போடுங்கள். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்துவிட்டு மண்ணைப் போடுங்கள். தகரத்தை நேராகத் தரையில் வைக்காமல் இரண்டு ஓட்டுத் துண்டின் மேல் வைத்தால் தண்ணீர் தேங்காது.

பால்கனி விஷயத்தில் மூலை வீட்டுக்காரனுக்கு ஒரு வசதி உண்டு. எனக்குத் தெற்குப் பக்கம் ஒன்று, கிழக்குப் பக்கம் ஒன்று. தெற்கில் நாள் முழுக்க வெயில் காயும். அங்கே ஓரிகானோவும் தைம் என்ற தழையும். கிழக்கில் மத்தியானத்துக்கு மேல் நிழல் விழும். அங்கே புதினா, பார்ஸ்லி, சதகுப்பை. உங்களுக்கு ஒரே பக்கம்தான் என்றால் ஓரிகானோவை முன்வரிசையிலும் புதினாவை அதன் நிழலிலும் வையுங்கள். எந்தத் தழை எங்கே விளைந்தது என்று யோசித்தாலே போதும். கல்லும் சரளையுமான மலைச்சரிவில் காய்ந்து வளர்வது ஓரிகானோ. ஈரமான ஓடைக்கரையில் வளர்வது புதினா. இரண்டையும் ஒரே தொட்டியில் நட்டு ஒரே மாதிரி தண்ணீர் ஊற்றினால் ஒன்று கண்டிப்பாகச் சாகும்.

ஓரிகானோவுக்கு மண்ணில் மூன்றில் ஒரு பங்கு மணலோ பொடிச் சரளையோ கலந்துகொள்ளுங்கள். உரம் வேண்டாம், கொழுத்து வளர்ந்தால் மணம் குறைந்துவிடும். மண் மேலே நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றினால் போதும். புதினாவுக்குத் தனித் தொட்டி கட்டாயம். மண்ணுக்கு அடியில் வேர்த்தண்டை ஓட்டி ஒரே பருவத்தில் பக்கத்துச் செடியை அமுக்கிவிடும். கடையில் வாங்கிய கட்டிலிருந்து நல்ல தண்டாக நாலைந்தை எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்ணீர் டம்ளரில் நிறுத்தினால் ஒரு வாரம் பத்து நாளில் வேர் விடும். செடி வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம்.

பார்ஸ்லி விதை முளைக்கச் சோம்பல்படும். ராத்திரி முழுக்க ஊறவைத்து விதைத்தாலும் மூன்று வாரம் ஆகலாம், நம்பிக்கை இழக்க வேண்டாம். தட்டை இலைப் பார்ஸ்லிதான் சமையலுக்கு. சுருட்டை இலையை நான் வளர்ப்பதில்லை. வெட்டும்போது வெளிவட்டத்துத் தண்டுகளை அடியோடு வெட்டுங்கள், நடுக்குருத்தைத் தொடாதீர்கள். சதகுப்பைக்கு ஆணிவேர், அதனால் நாற்று பிடுங்கி நட்டால் பிடிக்காது. இருக்கப்போகும் தொட்டியிலேயே விதையுங்கள். வெயில் ஏறினால் சட்டென்று பூத்து விதைக்குப் போய்விடும் என்பதால், கோடையில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு பிடி விதையைத் தூவிக்கொண்டே இருக்க வேண்டும். பூத்துவிட்டால் வருத்தப்படாதீர்கள், அந்த மஞ்சள் பூக்குடையை வினிகர் பாட்டிலில் போட்டு வைத்தால் சாலடுக்கு ஆகும்.

பேசிலைப் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். ஏறக்குறைய எல்லாப் பால்கனியிலும் ஒரு தொட்டி இருக்கும். பொடிப்பொடி இலையோடு பந்து மாதிரி உருண்டு வளரும் வகை. நம் திருநீற்றுப்பச்சிலையும் இந்த இனம்தான். ஆனால் இங்கே அதைச் சமையலில் போடுவது அபூர்வம். வாசலில் வைப்பார்கள், போகிற வருகிறவர்கள் கையால் தடவி முகர்ந்து பார்ப்பார்கள். செப்டம்பர் 14, சிலுவைத் திருநாளன்று தேவாலயத்தில் பாதிரியார் பேசில் கொத்தால்தான் தீர்த்தம் தெளிப்பார். நானும் ஒரு தொட்டி வைத்திருக்கிறேன், வாசல் பக்கம்தான். இந்தச் சமையலுக்கு அதைத் தொடுவதில்லை.

ஜூலை பிறந்ததும் வடக்கிலிருந்து மெல்தெமி என்ற காய்ந்த காற்று கிளம்பும். ஈஜியன் கடலில் படகுகளையே நிறுத்திவைக்கும் காற்று அது. வெயிலை விட இதுதான் தொட்டி மண்ணைச் சீக்கிரம் உலர்த்தும். அந்த நாட்களில் புதினாவுக்கும் பார்ஸ்லிக்கும் காலை, மாலை இருவேளையும் தண்ணீர். இலை மேல் ஊற்றாமல் அடியில் ஊற்றுங்கள்.

ஓரிகானோவைக் காயவைக்கும் முறை

வீட்டில் வளர்த்த தழை என்றால் பச்சையாகப் போடுவதுதான் உயர்வு என்று நினைப்போம். ஓரிகானோவுக்கு அது பொருந்தாது. பச்சை இலையைக் கடித்துப் பாருங்கள்: காரமும் கசப்புமாக நாக்கைச் சுண்டும். காய்ந்த பிறகு அந்த முரட்டுத்தனம் அடங்கி, மணம் மட்டும் நிற்கும். கிரேக்கர்கள் தலைமுறை தலைமுறையாக உலர்ந்ததையே போடுகிறார்கள். சதகுப்பையும் பார்ஸ்லியும் இதற்கு நேர் எதிர், காய்ந்தால் வைக்கோல்தான்.

ஜூன் மாதம், வெள்ளைப் பூ அங்கங்கே விரியத் தொடங்கும்போது அறுக்க வேண்டும். முழுக்கப் பூக்கும் வரை காத்திருக்காதீர்கள். காலையில் பனி ஈரம் போன பிறகு, வெயில் உச்சிக்கு வரும் முன் வெட்டுங்கள். தண்டில் மூன்றில் ஒரு பங்கை விட்டுவிட்டால் மறுபடி தளிர்க்கும். கட்டைவிரல் தடிமனுக்குச் சிறு சிறு கட்டாகக் கட்டி, தலைகீழாகத் தொங்கவிடுங்கள். பெரிய கட்டாகக் கட்டினால் நடுவில் பூஞ்சை பிடிக்கும். வெயில் படக்கூடாது, காற்று வேண்டும். நான் துணி காயும் கொடியின் நிழல் பக்கத்தில் கட்டிவிட்டு, தூசி படாமல் ஓட்டை போட்ட காகிதப் பையை மேலே மாட்டிவிடுவேன். இங்கே காற்றில் ஈரம் இல்லாததால் இரண்டு வாரத்துக்குள் இலை மொறமொறவென்று ஆகிவிடும்.

உலர்ந்ததும் பொடி செய்யாதீர்கள். கொத்தை ஒரு பெரிய தட்டின் மேல் பிடித்து, தண்டை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தால் இலையும் பூவும் மட்டும் பொலபொலவென்று உதிரும், தண்டு கையில் நிற்கும். அதை அப்படியே கண்ணாடி ஜாடியில் போட்டு மூடி, வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள். சமைக்கும் நேரத்தில் ஒரு சிட்டிகை எடுத்து, உணவுக்கு நேர் மேலே விரலிடுக்கில் கசக்கிப் போடுங்கள். கசக்கும் அந்த நொடியில்தான் எண்ணெய்ச் சுரப்பிகள் உடைந்து மணம் வரும். முன்கூட்டியே பொடித்து வைத்தால் ஜாடிக்குள்ளேயே மணம் போய்விடும்.

கற்பூரவல்லியை இதற்குப் பதிலாகப் போடலாமா என்று ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் கேட்பார்கள். இரண்டிலும் கார்வக்ரால் என்ற வாசனைப் பொருள் இருக்கிறது, மணத்தில் உறவு உண்டு. ஆனால் கற்பூரவல்லி தண்ணீர் கோத்த சதை இலை. இப்படிக் காயாது, தக்காளி மேல் உட்காராது. ஓரிகானோவே வாங்கிக்கொள்ளுங்கள். தூத்துக்குடி, சென்னை மாதிரிக் கடலோர ஊரில் வளர்ப்பவர்கள் மழை நேராக விழாத இடத்தில் வைத்து, மணலைக் கூட்டிக் கலந்தால் செடி நிற்கும்.

அடுப்பில்லாத நாட்கள்

ஹோரியாத்திக்கி, அதாவது ஊர் உலகமே ‘கிரீக் சாலட்’ என்று அழைக்கும் கிராமத்துச் சாலட். மூன்று பேருக்கு நன்றாகப் பழுத்த தக்காளி அரைக் கிலோவுக்கு மேல், ஒரு வெள்ளரி, ஒரு பச்சைக் குடமிளகாய், பாதிச் சிவப்பு வெங்காயம், பத்துப் பன்னிரண்டு கலமாத்தா ஆலிவ், 200 கிராம் ஃபெட்டா சீஸ், ஐந்து டேபிள்ஸ்பூன் ஆலிவ் எண்ணெய். இதில் லெட்டூஸ் கிடையாது. அது இங்கே குளிர்காலக் கீரை. சதகுப்பையும் வெங்காயத்தாளும் போட்டுத் தனிச் சாலடாக அப்போது வரும்.

தக்காளியை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், குளிர்ந்தால் ருசி மட்டுப்படும். கொஞ்சம் பெரிய துண்டுகளாக, கோணல்மாணலாக வெட்டி, உப்புத் தூவிப் பத்து நிமிடம் விடுங்கள். சாறு விட்டு அடியில் தேங்கும். அந்தச் சாறும் எண்ணெயும் சேர்ந்ததுதான் இந்தச் சாலடின் ரசம், தனியாக எதையும் கலக்க வேண்டாம். மற்ற காய்களைப் போட்டு ஒரு கிளறு. ஃபெட்டாவை உதிர்க்காமல் ஒரே பாளமாக மேலே வைக்க வேண்டும். ஓரிகானோவைக் கசக்கிப் பாளத்தின் மேல் தூவி, அதன் மேல் எண்ணெயை ஊற்றுங்கள். உலர்ந்த இலை எண்ணெயில் ஊறி மென்மையாகும், மணம் எண்ணெயில் இறங்கும். பிறகு அவரவர் முள்கரண்டியால் ஃபெட்டாவை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான். கடைசியில் கிண்ணத்தில் மிஞ்சும் ரசத்தில் ரொட்டியைத் தோய்த்துத் துடைத்துச் சாப்பிடாமல் எழுந்திருப்பது பாவம்.

ஃபெட்டா வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2002 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இது கிரேக்கத்துக்கு மட்டுமே உரிய பாதுகாக்கப்பட்ட பெயர். செம்மறி ஆட்டுப் பால் குறைந்தது 70 சதவீதம், மிச்சம் வெள்ளாட்டுப் பால், உப்புநீரில் ஊறிப் பழுத்தது. பசும்பாலில் செய்து அதே மாதிரி டப்பாவில் விற்பது வேறு பண்டம். புளிப்பும் வராது, அந்த மணமும் வராது.

இதே தக்காளிக்கு கிரீட் தீவில் தாக்கோஸ் என்று ஒரு வடிவம் உண்டு. கல் மாதிரி இருக்கும் பார்லி ரஸ்க்கைத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்துத் தட்டில் வையுங்கள். தக்காளியைப் பாதியாக வெட்டி, வெட்டின முகத்தைத் துருவியின் பெரிய கண்ணில் தேய்த்தால் விழுது கீழே விழும், தோல் கையில் தங்கும். அந்த விழுது, உதிர்த்த மிசீத்ரா சீஸ் அல்லது ஃபெட்டா, ஓரிகானோ, தாராளமாக எண்ணெய். அலுவலகம் முடிந்து வந்த களைப்பில் பத்து நிமிடத்தில் ராத்திரிச் சாப்பாடு தயார்.

அப்புறம் ட்சட்சிக்கி. பார்க்க வெள்ளரிக்காய்ப் பச்சடி மாதிரி இருப்பதால் நம்மவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். பச்சடியில் தண்ணீர் இருக்கலாம். இதில் ஒரு சொட்டுக்கூட இருக்கக்கூடாது, கரண்டியைக் குத்தினால் நிற்க வேண்டும். அரைக் கிலோ கெட்டியான கிரேக்கத் தயிர் வேண்டும், முழுக்கொழுப்பு உள்ளதாக. ஊரில் இருப்பவர்கள் ஒரு லிட்டர் கெட்டித் தயிரை மெல்லிய வேட்டித் துணியில் கட்டி ஃப்ரிட்ஜுக்குள் ஐந்தாறு மணி நேரம் தொங்கவிட்டால் கிட்டத்தட்ட பாதியாக இறுகும். புளித்த தயிர் ஆகாது.

ஒரு பெரிய வெள்ளரியைத் தோலோடு துருவி, அரை டீஸ்பூன் உப்புப் பிசறிக் கால் மணி நேரம் வையுங்கள். பிறகு ஒரு சுத்தமான துணியில் கொட்டி, முனைகளைச் சேர்த்து முறுக்குங்கள். முதலில் பச்சைத் தண்ணீர் கொட்டும். நின்றுவிட்டது என்று தோன்றும்போது துணியைப் பிரித்து, உருண்டையை உதிர்த்து, மறுபடி முறுக்குங்கள். இரண்டாம் முறையும் கணிசமாக வரும். கையில் எடுத்து அழுத்தினால் விரல் நனையாத அளவுக்கு வந்த பிறகுதான் தயிரில் சேர்க்க வேண்டும். நசுக்கிய பூண்டு இரண்டு பல், சிவப்பு ஒயின் வினிகர் ஒரு டேபிள்ஸ்பூன், ஆலிவ் எண்ணெய் இரண்டு டேபிள்ஸ்பூன், பொடியாக அரிந்த சதகுப்பை ஒரு கைப்பிடி. எலுமிச்சையை விட வினிகர்தான் இதற்கு எடுப்பு. ஒரு மணி நேரமாவது ஃப்ரிட்ஜில் இருந்தால் பூண்டின் வெடுக்குத் தயிரில் கரைந்து ஒன்றாகும். சதகுப்பையை நறுக்கும்போது நூல் இலையை மட்டும் எடுங்கள், தண்டு வாயில் நெருடும்.

காலையில் ஒரு அடுப்பு

பீன்ஸ் லாதெராவுக்கு ஃபசோலாக்கியா என்று பெயர். வாரத்தில் ஒரு நாள் தெருவையே அடைத்துக்கொண்டு கூடும் லைக்கிச் சந்தையில் தட்டையான பீன்ஸ் கோடை முழுக்கக் கிடைக்கும். வெனிசேலோஸ் பிரதமராக இருந்தபோது 1929-ல் தொடங்கிய சந்தை முறை இது, இன்றைக்கும் பேட்டைக்குப் பேட்டை நடக்கிறது. ஒரு கிலோ பீன்ஸை இருபக்கமும் நார் கிள்ளிக்கொள்ளுங்கள். அகலமான பாத்திரத்தில் அரை கப் ஆலிவ் எண்ணெயை ஊற்றி, ஒரு பெரிய வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, இரண்டு பல் பூண்டு, பிறகு பீன்ஸ். ஐந்து நிமிடம் பிரட்டி, அரைக் கிலோ துருவிய தக்காளி, பெரிய துண்டாக வெட்டிய இரண்டு உருளைக்கிழங்கு, உப்பு, மிளகு, அரை டம்ளர் தண்ணீர். பார்ஸ்லியின் தண்டை இப்போதே பொடியாக அரிந்து போட்டுவிடுங்கள். தண்டு வேகத் தாங்கும், குழம்புக்குள் மணம் இறங்கும். இலையைத் தனியே வைத்திருந்து, அடுப்பை அணைத்த பிறகு கிளறுங்கள்.

மூடி போட்டு, சிறு தீயில் 40, 45 நிமிடம். கடிபடும் பதத்தில் இறக்கக்கூடாது. பீன்ஸ் குழைவாக வெந்து, தண்ணீரெல்லாம் வற்றி, எண்ணெய் மட்டும் ஓரத்தில் பளபளவென்று நிற்க வேண்டும். தண்ணீர் நின்றால் அது லாதெரா இல்லை, வேகவைத்த பீன்ஸ். அரை கப் எண்ணெய் அதிகம் என்று குறைக்காதீர்கள். நாலைந்து பேருக்கான சாப்பாட்டில் கொழுப்பு என்று இருப்பது அது ஒன்றுதான். ரொட்டியும் ஃபெட்டாத் துண்டும் போதும் தொட்டுக்கொள்ள. கடுகு தாளிக்கவோ பச்சை மிளகாய் கீறிப் போடவோ கை துறுதுறுக்கும், அதைச் செய்துவிட்டால் பார்ஸ்லியின் மணம் தொலைந்துபோகும். ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து 15-ம் தேதி மாதா திருநாள் வரை விரதம் இருப்பவர்களுக்கு, சீஸ் இல்லாமல் இதுவேதான் சாப்பாடு.

ஆறவைக்கிறோம் என்று நாள் முழுக்க வெளியே விட்டுவிடாதீர்கள். 35 டிகிரி வெயிலில் எந்தக் குழம்பும் கெடும். சூடு தணிந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்து, சாப்பிட அரை மணி நேரத்துக்கு முன் வெளியே எடுத்தால் சரியாக இருக்கும்.

தட்டைப்பயறு இங்கேயும் உண்டு என்று தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். மவ்ரோமாத்திக்கா என்பார்கள். நம் ஊரில் சுண்டலாகவும் குழம்பாகவும் போவது இங்கே எலுமிச்சைச் சாலடாகிறது. கால் கிலோ பயறை ஊறவைக்க வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, கறுத்த அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் போல வேகவையுங்கள். உப்பு கடைசியில். உடையாமல், ஆனால் விரலால் நசுக்கினால் மாவாகிற பதம். வடித்ததும் சூடு இருக்கும்போதே நாலு டேபிள்ஸ்பூன் எண்ணெயும் ஒரு எலுமிச்சைச் சாறும் ஊற்றிப் பிரட்டினால் பயறு உள்ளே இழுத்துக்கொள்ளும். பார்ஸ்லியை மட்டும் ஆறும் வரை சேர்க்காதீர்கள். சூட்டில் போட்டால் கருத்துத் துவண்டுவிடும். வெங்காயத்தாள் மூன்று, பொடியாக அரிந்த ஒரு தக்காளி, பார்ஸ்லி ஒரு பெரிய கைப்பிடி. மத்தியானச் சாப்பாட்டு டப்பாவுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஊரில் பார்ஸ்லி கிடைக்காவிட்டால் வெங்காயத்தாளைக் கூட்டிக்கொள்ளுங்கள். மல்லித்தழை போட்டால் நல்ல சுண்டல் ஆகும், இது ஆகாது.

சாயங்காலம், கொஞ்சம் எண்ணெய்

சுக்கினி அடை, இங்கே கொலோகிதோகெஃப்தேதெஸ். வாய் சுளுக்கும் பெயர், சாப்பிட எளிது. அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலான சுக்கினியைத் துருவி, உப்புப் போட்டு, இருபது நிமிடம் வடிதட்டில் வைத்து, வெள்ளரிக்குச் சொன்னபடியே துணியில் முறுக்குங்கள். 120 கிராம் உதிர்த்த ஃபெட்டா, ஒரு முட்டை, மூன்று வெங்காயத்தாள், மிளகு, நாலு டேபிள்ஸ்பூன் மைதா, பதினைந்து இருபது புதினா இலை. ஃபெட்டாவிலேயே உப்பு இருப்பதால் மேற்கொண்டு உப்பு வேண்டாம். புதினாவை மிக்ஸியில் அரைக்கக்கூடாது. இலைகளை அடுக்கிச் சுருட்டி, கூர்மையான கத்தியால் ஒரே வாக்கில் சீவுங்கள். மழுங்கின கத்தி இலையை நசுக்கிக் கறுப்பாக்கும். கலவையைக் கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் இறுகும். கையால் தட்டி, தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, பக்கத்துக்கு மூன்று நிமிடம். சில வீடுகளில் சதகுப்பையையும் சேர்ப்பார்கள். புதினா தனியாக நின்றால்தான் சுக்கினியின் இனிப்பு தெரிகிறது என்பது என் கட்சி. ட்சட்சிக்கியோடு சாப்பிடும்போது சதகுப்பை அங்கிருந்து வந்துவிடுகிறது.

மீன் இல்லாமல் எனக்கு வாரம் ஓடாது. கோடைதான் இங்கே சாளைக்குக் காலம். லெஸ்வோஸ் தீவின் கல்லோனி வளைகுடாச் சாளைக்கு நாடு முழுக்கப் பெயர். அரைக் கிலோ சாளையைத் தலையும் குடலும் எடுத்துக் கழுவி, துணியில் ஈரம் ஒற்றி, உப்புத் தடவி, காய்ந்த இரும்புக் கல்லில் பக்கத்துக்கு மூன்று நிமிடம் சுட்டெடுங்கள். மிளகாய்த்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். புது மீனாக மட்டும் இருக்க வேண்டும். அதே நேரத்தில் ஒரு சின்ன ஜாடியில் எலுமிச்சைச் சாறு மூன்று டேபிள்ஸ்பூன், ஆலிவ் எண்ணெய் ஏழெட்டு டேபிள்ஸ்பூன், உப்பு, ஒரு டீஸ்பூன் ஓரிகானோ போட்டு மூடிக் குலுக்குங்கள். இரண்டும் கலந்து பால் மாதிரி கெட்டியாகும். சூடான மீன் மேல் உடனே ஊற்ற வேண்டும். ஓரிகானோ அந்தச் சூட்டில் எழும்பும். கல்லில் இருக்கும்போதே ஓரிகானோவைத் தூவினால் கருகிக் கசக்கும்.

விதைக்காமல் வருவது

ஜூன் பிறந்தால் தொட்டிகளில் பருப்புக்கீரை தானாக முளைக்கும். களை என்று பிடுங்கி எறியாதீர்கள். கிரேக்கர்கள் கிளிஸ்த்ரிதா என்று சொல்லி, காசு கொடுத்து வாங்கிச் சாலடில் பச்சையாகப் போடுவார்கள். கொழுந்து நுனிகளைக் கிள்ளி ஹோரியாத்திக்கியில் சேர்க்கலாம், பூண்டுத் தயிரில் பிசறலாம். விடிகாலையில் கிள்ளினால் புளிப்பு தூக்கலாக இருக்கும். தண்ணீர் இல்லாமல் காய்ந்து நிற்கும் செடி ராத்திரியில் மாலிக் அமிலத்தைச் சேர்த்துவைத்து, பகலில் செலவழிப்பதால் அப்படி. தயிருக்கு நான் சாயங்காலம் கிள்ளுவேன், தக்காளிக்குக் காலையில். ஒரு எச்சரிக்கை: இதே மாதிரி தரையோடு படரும் விஷக்களை ஒன்று உண்டு. தண்டை ஒடித்துப் பாருங்கள். பால் வடிந்தால் அது பருப்புக்கீரை இல்லை, தூர எறியுங்கள்.

தண்டுக்கீரை இனத்து வ்லீத்தாவும் இப்படித்தான் வரும். இளந்தண்டோடு உப்புத் தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகவைத்து, வடித்து, எண்ணெயும் எலுமிச்சையும் ஊற்றினால் போதும். இதற்குத் தழையே வேண்டாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு தர்ப்பூசணியும் ஃபெட்டாவும். இனிப்பும் உப்பும் சேர்வது விசித்திரமாகத் தோன்றினால் ஒரே ஒரு துண்டு சாப்பிட்டுப் பாருங்கள். என் மனைவி அதன் மேல் இரண்டு புதினா இலையைக் கிள்ளிப் போடுவாள். கிரேக்கர்கள் அதைக்கூடப் போடுவதில்லை.

ஆகஸ்ட் கடைசியில் புதினா நெடுநெடுவென்று வளர்ந்து, அடி இலை மஞ்சளாகத் தொடங்கும். தரையிலிருந்து நாலு விரல் விட்டு மொத்தமாக வெட்டி, ஒரு கை மண்புழு உரம் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் மூன்று வாரத்தில் புதுத் தளிர் வரும். மிச்சமிருக்கும் சதகுப்பையை அரிந்து, டப்பாவில் அடைத்து ஃப்ரீசரில் வைக்கலாம். உலர்த்துவதை விட அது மேல். செப்டம்பர் நடுவில் வெயில் இறங்கியதும் பார்ஸ்லியும் சதகுப்பையும் புதிதாக விதைக்கலாம். அந்த விதைப்பில் வரும் சதகுப்பை அவசரப்பட்டுப் பூக்காது, வசந்தம் வரை வெட்ட வெட்ட வரும். தமிழ்நாட்டில் என்றால் அதே விதைப்பை மழை ஓய்ந்த பிறகு, மார்கழிக் குளிருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.